டசின் கணக்கில் வாங்கும் ஜெக்கட் யாருக்கு அளவு?

கொள்கலன் இறக்கும் களஞ்சியசாலை, ஹார்ட்வெயார் ஸ்டோர்ஸ், அரிசி ஆலை, மரக்காலை, லொறி யார்ட் என எமது வியாபாரிகள் நடத்தும் இடங்களில் இன்று மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிற ரிப்லெக்டர் ஜெக்கட்டைக் காணாத இடம் குறைவு. ஒரு காலத்தில் துறைமுகத்திலும் வீதி வேலை செய்வோரிடமும் மட்டுமே காணப்பட்ட இந்த ஜெக்கட், இப்போது புறக்கோட்டை முதல் சம்மாந்துறை வரை பரவியிருக்கின்றது. இது நல்ல மாற்றம். ஊழியரின் உயிரைப் பற்றி முதலாளிமார் சிந்திக்கத் தொடங்கியிருக்கின்றார்கள் என்பதற்கு இது ஓர் அடையாளமாகும்.

ஆனால் ஜெக்கட் வாங்கியதோடு எமது கடமை முடிந்துவிட்டதா என்பதே இவ்வாரம் நான் எழுப்ப விரும்பும் கேள்வி. ஹார்ட்வெயார்த் துறையில் இருபது வருடங்களுக்கு மேலாக இருப்பவன் என்ற வகையில் இந்த ஜெக்கட்டுகள் எப்படி விற்கப்படுகின்றன, எப்படி வாங்கப்படுகின்றன என்பதை அன்றாடம் காண்கின்றேன். கடைக்கு வருபவர் "இரண்டு டசின் தாங்க" என்பார். எந்த சைஸ் என்று கேட்டால், "எல்லாம் ஒன்றுதானே, ப்ரீ சைஸ் போடுங்க" என்பார். நூற்றுக்குத் தொண்ணூறு வியாபாரம் இப்படித்தான் முடிகின்றது என்று சொன்னால் அது மிகையல்ல.

அந்த இரண்டு டசினும் ஸ்டோர்ஸுக்குப் போன பிறகு நடப்பது என்ன? மெலிந்த பையனுக்கு அது தோளிலிருந்து வழிகின்றது. நடுத்தர உடம்புக்காரருக்குச் சரியாக இருக்கின்றது. உடம்பு பெருத்தவருக்கோ முன்பக்கம் பூட்டுவதில்லை. அவர் அதைத் திறந்தபடி மாட்டிக் கொள்கின்றார். அல்லது சூடு தாங்காமல், அக்குள் வெட்டுகின்றது என்று கழற்றி லொறியின் கண்ணாடியில் தொங்க விடுகின்றார். நாமும் "கொடுத்தாலும் போடுகிறார்கள் இல்லை" என்று அவரையே குறை சொல்கின்றோம். பூட்டாத ஒன்றைக் கொடுத்துவிட்டு ஏன் பூட்டவில்லை என்று கேட்பது நியாயமா என்பதை முதலாளிமார் தங்களுக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஜெக்கட் வேலை செய்யும் விதம்

இதன் பாரதூரத்தை விளங்கிக் கொள்வதற்கு ஜெக்கட் எப்படி வேலை செய்கின்றது என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, பளிச்சென்ற துணி. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுவதே இத்துணியின் தன்மை. ஆகவே பகலிலும், குறிப்பாக மழை மூட்டத்திலும் மாலை மங்கலிலும் இத்துணி மற்ற நிறங்களை விடத் தூக்கலாகத் தெரியும். இரண்டாவது, வெள்ளி நிறப் பட்டி. அதன் மேல் படும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவது இதன் வேலை. இருட்டில் வாகனத்தின் முன்விளக்கு பட்டவுடன் சாரதியின் கண்ணுக்கு இது பளிச்சிடும்.

இந்தப் பட்டியை உடம்பைச் சுற்றியும் தோள் மேலாகவும் தைப்பதற்குக் காரணம் இருக்கின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிய வேண்டும், தெரிவது ஒரு மனிதன் என்பதும் விளங்க வேண்டும். வெறுமனே இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது கம்பமா, பெட்டியா, மனிதனா என்று சாரதி யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனைக்குள் லொறி சில அடிகள் நகர்ந்துவிடும்.

இப்போது திறந்து தொங்கும் ஜெக்கட்டை எண்ணிப் பாருங்கள். முன்பக்கத்தின் இரு மடல்களும் பக்கவாட்டில் ஒதுங்கி உள்ளே மடிந்துவிடுகின்றன. நெஞ்சிலும் வயிற்றிலும் தெரிவது அவருடைய கறுப்பு டீசேர்ட்டோ மண்ணிறச் சட்டையோதான். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு ஜெக்கட்டில் பாதி இல்லை.

எமது யார்டுகளில் ஆபத்து அதிகமான வேளை எது? லொறியைப் பின்னால் எடுக்கும் வேளைதான். அப்போது "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டும் உதவியாளர் லொறியை நோக்கித்தான் நிற்பார். அதாவது கண்ணாடியில் சாரதிக்குத் தெரிவது அவருடைய முன்பக்கம். ஜெக்கட் திறந்திருந்தால் எந்தப் பக்கம் தெரிய வேண்டுமோ அந்தப் பக்கமே தெரிவதில்லை.

இங்கு இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். பட்டி வெளிச்சத்தை விளக்கு இருக்கும் திசைக்கே திருப்புகின்றது. லொறியின் பின்விளக்கு ஓரிடத்தில் இருக்க, சாரதியின் கண் முன்னால் வேறோர் இடத்தில் இருக்கின்றது. ஆகவே பின்னால் எடுக்கும்போது, முன்விளக்கில் மின்னுவது போல் பட்டி மின்னாது. அந்த நேரத்தில் கைகொடுப்பது துணியின் பளிச்சென்ற பரப்பும் யார்டின் வெளிச்சமும்தான். எனவே இரவில் பாரம் இறக்குபவர்கள் யார்டுக்கு நல்ல வெள்ளை வெளிச்சம் போட வேண்டும். ஜெக்கட்டின் துணி முழுவதும் விரிந்து தெரியும்படி பூட்டியிருக்கவும் வேண்டும்.

"பெரிய ஆள்தானே, தெரியாமலா போகும்?"

இதைச் சொல்லிச் சிரிப்பவர்களை நான் பல இடங்களில் கண்டிருக்கின்றேன். ஒரு யார்டில் வேலை செய்யும் பருத்த நானா ஒருவரிடம் பொடியன்மார், "உங்களுக்கு ஜெக்கட் என்னத்துக்கு நானா, லொறிதான் உங்களைப் பார்த்து ஒதுங்கும்" என்று பகிடி விடுவதை என் காதால் கேட்டேன். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவருடைய ஜெக்கட் அவர் மாட்டிய நாளிலிருந்து பூட்டப்பட்டதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பெரிய சைஸ் ஒன்று கேட்பதற்கும் அவருக்கு வெட்கம்.

இருட்டில் உடம்பின் பருமன் ஒளி வீசாது. மங்கிய நிறச் சட்டையோடு நிற்பவர் பெரியவரானாலும் சிறியவரானாலும் இருட்டோடு இருட்டாகத்தான் போவார். மேலும், மூட்டை சுமக்கும் வேலையில் நெஞ்சும் தோளும் அகன்றவர்களைத்தானே நாம் தேடி எடுக்கின்றோம்? உடம்பின் பலத்துக்காகச் சம்பளம் கொடுக்கும் நாம் அந்த உடம்புக்கு அளவான ஜெக்கட் கொடுக்கக் கூடாதா?

"அப்படியென்றால் எல்லோருக்கும் பெரிய சைஸே வாங்கிவிடுவோம்" என்று சிலர் நினைக்கலாம். அதுவும் சரியல்ல. தொளதொளவென்று தொங்கும் ஜெக்கட் லொறியின் கொக்கியில், கயிற்றில், தள்ளுவண்டியின் கைப்பிடியில், அரிசி ஆலையின் பெல்ட்டில் மாட்டிக் கொள்ளும். சுழலும் இயந்திரத்துக்குக் கிட்ட வேலை செய்பவருக்குத் தளர்வான ஜெக்கட் ஆபத்தானது. அத்தகைய இடங்களுக்கென்று தோள், பக்கம், முன்பக்கம் ஆகியவற்றில் வெல்க்ரோ வைத்து, இழுபட்டால் தானாகக் கழன்றுவிடும் ஜெக்கட்டுகள் உள்ளன. ஆலைக்காரர்கள் அவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது.

அளவெடுப்பது எப்படி?

தையற்காரரிடம் இருக்கும் அளவு நாடா ஒன்றும் ஐந்து நிமிடமும் போதும். ஆனால் எங்கே அளப்பது என்பதில்தான் விடயம் இருக்கின்றது.

முதலாவது, சேர்ட்டுக்கு எடுப்பது போல் நெஞ்சை மட்டும் அளக்காதீர்கள். நெஞ்சு, வயிறு இரண்டில் எது கூடவோ அதுவே உங்கள் அளவு. பருத்த உடம்புக்காரர் பலருக்கு வயிற்றளவே கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது, வேலைக்குப் போடும் உடுப்போடு, அவர் உட்கார்ந்திருக்கும் போதும் அளக்க வேண்டும். உட்காரும் போது வயிறு முன்னே வரும். போர்க்லிப்ட் ஓட்டுபவருக்கும் லொறிச் சாரதிக்கும் இது மிக முக்கியம்.

மூன்றாவது, அந்த அளவோடு குறைந்தது 4 அங்குலம் கூட்டுங்கள். குனிவதற்கும் கை தூக்குவதற்கும் மூச்சு விடுவதற்கும் அந்த இடைவெளி தேவை.

ஓர் உதாரணம் சொல்கின்றேன். ஒருவரின் வயிற்றளவு 48 அங்குலம். அதோடு 4 சேர்த்தால் 52. ஜெக்கட்டைப் பூட்டி மேசையில் விரித்து, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை அளந்தால் அதில் பாதி, அதாவது 26 அங்குலம் இருக்க வேண்டும். நான் அளந்து பார்த்த ப்ரீ சைஸ் ஜெக்கட்டுகளில் பல 24 அங்குல அளவில்தான் இருந்தன. சுற்றளவு 48. அவர் நின்று மூச்சை இழுத்தால் பூட்டலாம்; உட்கார்ந்தால் வெல்க்ரோ பிரிந்துவிடும்.

நான்காவது, நீளம். வயிறு பெருத்தவருக்கு ஜெக்கட்டின் முன்பக்கம் மேலே ஏறிவிடும். கீழ்ப் பட்டி வயிற்றின் மேல் மடிந்து மறைந்துபோகும். கழுத்தோரத் தோளிலிருந்து வயிற்றின் மேலாக இடுப்பு வரை அளந்து, முன்பக்கம் அந்த நீளத்துக்கு வருகின்றதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, கைத்துவாரம். மூட்டை தூக்குபவரின் தோள் அகலம். துவாரம் சிறிதானால் அக்குளில் உராய்ந்து புண்படும். கொழும்பின் புழுக்கத்தில் அதை யார் தாங்குவார்? அரை மணி நேரத்தில் ஜெக்கட் கழன்றுவிடும்.

மாட்டிப் பார்க்கும்போது மூன்று அசைவுகளைச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கட்டும், குனிந்து பெட்டி ஒன்றைத் தொடட்டும், கதிரையில் உட்காரட்டும். மூன்றிலும் பூட்டு பிரியாமல், பட்டி உடம்பைச் சுற்றி நேராக இருந்தால் அதுவே அவருடைய ஜெக்கட்.

லேபலைப் பார்க்கப் பழகுவோம்

டபள் எக்ஸ்எல் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஒரு தொழிற்சாலையின் டபள் எக்ஸ்எல், இன்னொன்றின் எக்ஸ்எல்லை விடச் சிறிதாக இருப்பதுண்டு. நல்ல ஜெக்கட்டின் லேபலில் எந்த உடம்பளவுக்கு அது பொருந்தும் என்பது சென்றிமீற்றரில் குறிக்கப்பட்டிருக்கும்.

சர்வதேச அளவில் பாவிக்கப்படும் தரம் ஈஎன் ஐஎஸ்ஓ 20471 என்பதாகும். முன்பு ஐரோப்பாவில் இருந்த ஈஎன் 471 என்ற தரத்துக்குப் பதிலாக 2013ஆம் ஆண்டு இது வந்தது. அமெரிக்கத் தரம் அன்சி 107. ஐஎஸ்ஓ தரத்தில் மூன்று வகுப்புகள் உள்ளன. இரண்டாம் வகுப்பு ஜெக்கட்டில் குறைந்தது 0.50 சதுர மீற்றர் பளிச்சென்ற துணியும் 0.13 சதுர மீற்றர் ஒளி திருப்பும் பட்டியும் இருக்க வேண்டும். பட்டியின் அகலம் 50 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. அப்படியானால் ஒரு ஜெக்கட்டுக்குக் குறைந்தது 2.6 மீற்றர் பட்டி வேண்டும் என்று கணக்கு வருகின்றது. மெல்லிய பட்டி இரண்டு ஒட்டி மலிவு விலையில் வருபவை இந்தக் கணக்குக்குள் வருமா என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

இதே தரத்தில் இன்னொரு விதி எமது விடயத்துக்கு மிகவும் பொருந்துகின்றது. பூட்டும் இடத்தில் பட்டி விட்டுப் போகும் இடைவெளி 50 மில்லிமீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 2 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எமது ஸ்டோர்ஸில் திறந்து தொங்கும் ஜெக்கட்டில் இந்த இடைவெளி ஒரு அடிக்குக் கிட்ட இருக்கின்றது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், திறந்திருக்கும் வரை அது தரமான ஜெக்கட் அல்ல.

பக்கத்தில் வெல்க்ரோ பட்டி வைத்து அளவைக் கூட்டிக் குறைக்கக் கூடியவை கிடைக்கின்றன. ஆட்கள் அடிக்கடி மாறும் இடங்களுக்கு இவை உகந்தவை. வெயிலில் நிற்பவர்களுக்கு வலைத் துணி நல்லது. வெல்க்ரோ மட்டும் உள்ளதை விட ஸிப் வைத்தது பருத்த உடம்பில் நன்றாக நிற்கும் என்பது எனது அனுபவம்.

துண்டு வைத்துத் தைக்கலாமா?

இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கின்றார்கள். பக்கவாட்டில் வேறு துணி வைத்துப் பெரிதாக்குவது மலிவான வழி போலத் தோன்றும். ஆனால் சேர்க்கும் துண்டில் பட்டி தொடர்ந்து வராவிட்டால் அந்த இடம் இருட்டில் வெட்டுப்பட்டது போலாகும். அத்தோடு, தைத்து மாற்றிய ஜெக்கட்டுக்கு லேபலில் உள்ள தரச் சான்று பொருந்தாது. துறைமுகத்துக்கோ பெரிய கொம்பனிகளின் யார்டுக்கோ லொறி அனுப்புபவர்கள் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும். கேற்றில் ஆளைத் திருப்பி அனுப்பினால் அன்றைய ட்ரிப்பே வீண். ஜெக்கட்டில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

பழைய சோனகத் தெருவிலும் அதைச் சுற்றியும் இத்தொழிலில் இருப்பவர்களில் எம்மவர்கள் பலர். குறை வாங்குபவரிடம் மட்டும் இல்லை. நாம் சீனாவுக்கு ஓடர் கொடுக்கும்போதே ஒரே சைஸில் கொடுத்துவிடுகின்றோம். "பெரிய சைஸ் தங்கிவிடும்" என்ற பயம். 2022ஆம் ஆண்டு ரூபா வீழ்ந்த பின்னர் சரக்கில் காசு தங்குவதை யாரும் விரும்புவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ரீ சைஸ் எல்லாக் கடையிலும் இருக்கின்றது. அதில் போட்டி விலையில் மட்டும்தான். த்ரீ எக்ஸ்எல், ஃபோர் எக்ஸ்எல் வைத்திருக்கும் கடை எத்தனை? ஓடரில் ஒரு பங்கைப் பெரிய சைஸுக்கு ஒதுக்குபவரிடம், அதைத் தேடி அலைபவர் வந்து சேர்வார். வந்தவர் மற்ற சைஸையும் அங்கேயே வாங்குவார். கையுறையும் பூட்ஸும் கூட அங்கேயே வாங்குவார். கடையில் ஓர் அளவு நாடாவைத் தொங்க விட்டு, "ஆட்களின் அளவை எடுத்து வாருங்கள்" என்று சொல்லும் வியாபாரியை வாடிக்கையாளர் மறக்கமாட்டார்.

ஆடைத் தொழிலில் பெயர் பெற்றது எமது நாடு. உரிய துணியையும் தரமான பட்டியையும் எடுத்து, பெரிய சைஸ்களை இங்கேயே தைத்து விநியோகிப்பது பற்றிச் சிறு கார்மென்ட் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். சான்று இல்லாமல் சான்று உள்ளதாக லேபல் அடிப்பது மட்டும் கூடாது. அது உயிரோடு விளையாடும் மோசடி.

செலவும் பொறுப்பும்

பெரிய சைஸுக்கும் சாதாரண சைஸுக்கும் உள்ள விலை வித்தியாசம் இரண்டு பிளேன்டீக்கும் இரண்டு ரோல்ஸுக்கும் போகும் காசுதான். 12 பேர் வேலை செய்யும் யார்டில் அளவெடுத்தால் 3 எல், 5 எக்ஸ்எல், 2 டபள் எக்ஸ்எல், 2 த்ரீ எக்ஸ்எல் என்று வரலாம். அந்தப் பட்டியலோடு கடைக்குப் போங்கள். புதிதாக வருபவருக்கென்று ஒவ்வொரு சைஸிலும் ஒன்று மேலதிகமாக வைத்துக் கொள்ளுங்கள். ஜெக்கட்டின் உட்புறத்தில் பெயர் எழுதிக் கொடுத்தால் ஒருவருடையதை இன்னொருவர் எடுக்கும் பிரச்சினையும் இல்லை.

இந்நாட்டில் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இருப்பதை நாம் அறிவோம். வேலையின் போது ஊழியருக்குக் காயம் ஏற்பட்டால் முதலாளியைத் தேடித்தான் வருவார்கள். வெளிநாடுகளில் இவ்விடயத்தில் இன்னும் தெளிவாக இருக்கின்றார்கள். பாதுகாப்பு உபகரணம் அணிபவருக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்பது பிரித்தானியாவில் 1992ஆம் ஆண்டு முதல் விதியாக இருக்கின்றது. அமெரிக்காவில் கட்டடத் தொழிலுக்கும் இதே விதியை வெளிப்படையாக எழுதிச் சேர்த்து, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். கொடுத்தால் போதாது, பொருந்த வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விபத்து நடந்த பின் பொலிஸிடமோ தொழிற் திணைக்களத்திடமோ "நாங்கள் ஜெக்கட் கொடுத்திருந்தோம்" என்று சொல்லலாம். ஆனால் அந்த ஊழியரின் வீட்டுக்குப் போய் அவருடைய பிள்ளைகளிடம் அதே வார்த்தையைச் சொல்ல முடியுமா? வாப்பாவின் உடம்புக்கு அது பூட்டாது என்பது அந்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும்.

கடைசியாகப் பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் துணியின் நிறம் வெளிறும். உராய்விலும் சலவையிலும் பட்டியின் பளபளப்பு குறையும். குளோரின் போட்டுக் கழுவக் கூடாது. எத்தனை முறை கழுவலாம் என்பது நல்ல ஜெக்கட்டின் லேபலில் இருக்கும். மாதம் ஒரு முறை இருட்டில் ஜெக்கட்டைத் தொங்க விட்டு, டோர்ச் விளக்கைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து அடித்துப் பாருங்கள். பட்டி மின்னாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டுப் புதியது கொடுங்கள்.

அன்பான வியாபாரிகளே! அடுத்த டசினுக்கு ஓடர் கொடுக்கும் முன் ஒரு நாள் காலையில் ஆட்கள் வேலை தொடங்கும் நேரத்தில் யார்டில் போய் நில்லுங்கள். யாருடைய ஜெக்கட் திறந்திருக்கின்றது, யாருடையது லொறியில் தொங்குகின்றது என்று பாருங்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் சிரிக்காதபடி, அளவை எடுத்துக் கொள்ளுங்கள். பெரிய சைஸ் கேட்க வெட்கப்படும் ஊழியருக்காக அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் முதலாளியே என்பது எனது தாழ்மையான கருத்தாகும்.